தராசடியில் ஒருவர், செடியடியில் ஒருவர்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கு எழுதியபோது இரண்டு மேஸ்திரிகள். ஒருவர் தராசடியை விட்டு நகரமாட்டார். முற்றல் இலை கண்ணில் பட்டால் ஏச்சு, எடையில் கழிவு. அவர் ஆட்களின் கூடை சீக்கிரம் நிரம்பும், அதை மறுக்க முடியாது. ஆனால் முற்றலை அடியில் அமுக்கி, மேலே கொழுந்தைப் பரப்பியிருப்பார்கள். ஃபேக்டரியில் கொட்டினால்தான் தெரியும். முற்றலில் நார் அதிகம். தூளில் நார் கண்டால் குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும்.

மற்றவர் செடியடிக்கே போய், "அக்கா, ரெண்டு இலை ஒரு மொட்டு போதும்" என்று கிள்ளிக் காட்டுவார். கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுக்கப் போனால் நேரம் பார்க்கமாட்டார். (50 பெண்கள் வேலை பார்த்தால் பிள்ளைக்காப்பகம் வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. காப்பகம் சட்டத்தால் வரும், இந்த மனசு வராது.) அவர் பக்கம் எடை கொஞ்சம் குறைவு, கொழுந்து மட்டும் சுத்தம். மழைநாளிலும் ஆள் குறையாது.

மேனேஜருக்கு முதலாமவரைத்தான் பிடிக்கும். எனக்கு இரண்டாமவரை. சரி, பெண்களுக்கு? மாதக் கடைசியில் என் மேசைக்கு வந்து, "தம்பி, எங்க பேரை அந்தப் பக்கம் மாத்தி எழுதுப்பா" என்பார்கள்.