பாடியில பாடி ஒர்க்: வேன் தரை இத்துப்போய் நான் அலைஞ்ச கதை

மொதல்லயே சொல்லிடறேன், என் வேன் தரைய சரிபண்ணின கடைக்கு போர்டு கிடையாது. பாடி மேம்பாலம் தாண்டி அம்பத்தூர் எஸ்டேட் போற வழியில உள்ள தள்ளி ஒரு தகர ஷெட்டு, வாசல்ல எப்பவும் ரெண்டு மூணு ஸ்கூல் வேன் சீட்டு கழட்டி நிக்கும், அதான் அடையாளம்.

நம்ம வண்டி 2004 மாடல் டிராவலர், ஆர்சி புக்ல இன்னும் பஜாஜ் டெம்போன்னுதான் இருக்கும் (கம்பெனி பேர ஃபோர்ஸ்னு மாத்துனது 2005ல). சீட்டெல்லாம் எடுத்துட்டு கட்டில், அடுப்பு வச்சு கேம்பரா மாத்தி வச்சிருக்கேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரில ரெண்டு நாள் தண்ணில நின்னுச்சு, அதுக்கப்புறம் ஸ்லைடிங் கதவு பக்கம் கால் வச்சா தரை பொதபொதன்னு அமுங்கும். அப்பவே வேற ஒரு இடத்துல குடுத்தேன், பேர் வேணாம், அவங்க இத்துப்போன பலகைய எடுக்காமலே அதுக்கு மேல ஒரு கமர்ஷியல் ப்ளைய (சாதா ஒட்டுப்பலகை) அடிச்சு மேட்டை (தரை விரிப்பு) ஒட்டி குடுத்துட்டாங்க. ஒரே மழைக்காலம்தான், மேட்டு ஓரத்துல காளான் மொளச்சுது. பொய் இல்ல, வெள்ளையா, என் பொண்ணு போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டா.

இந்த பாடி கடைல, கடைக்கார பாய் வந்து பாத்தாரு, ஸ்க்ரூடிரைவர் பிடியால தரைய தட்டிக்கிட்டே போனாரு, டொக்கு டொக்குன்னு வந்த சத்தம் ஒரு எடத்துல சொத்துன்னு மாறுச்சு, திருப்பிப் புடிச்சு குத்துனா முனை அப்படியே உள்ள போயிடுச்சு. சாக்பீஸ்ல கோடு போட்டாரு, நான் நெனச்சத விட டபுள். ஆனா தரைய கைவைக்கல. "தம்பி, பலகை எப்ப வேணா போடலாம், தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பாப்போம்"னாரு. நான் வெள்ளத் தண்ணிதான் பாய்னேன், அவரு நம்பல. கடைப் பையன விட்டு ஹோஸ்ல கீழேர்ந்து ஆரம்பிச்சு, கதவு ரப்பர், ஜன்னல் பீடிங்னு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்தி தண்ணி அடிக்க சொல்லிட்டு உள்ள டார்ச்சோட உக்காந்தாரு. கடைசில பாத்தா கூரையில ஃபேனுக்காக நானே போட்ட ஓட்டை, பாத்ரூம் சிலிகான் தடவி வச்சிருந்தேன், அது விட்டுப்போய் சைடு பேனலுக்குள்ளயே எறங்கி தரைக்கு வந்திருக்கு. வெள்ளத்த திட்டிட்டு இருந்தது நானு.

அப்புறம் நல்ல பலகை வர்ற வரைக்கும் அறுத்து, ஜாயிண்ட் கிராஸ் மெம்பர் (தரைக்கு அடியில குறுக்கால போற இரும்புச் சட்டம்) மேல வர்ற மாதிரி வச்சு வெட்டினாங்க. அடித்தகரத்துல உள்ளங்கை அளவுக்கு ரெண்டு ஓட்டை, பேட்டரி வயர கழட்டிட்டு 18 கேஜ் தகடு வச்சு வெல்டிங், ஒயர் பிரஷ், ப்ரைமர். ஒரு வாரம் காய விட்டாரு. ப்ளை வாங்க நான்தான் போனேன், கடைல எத கேட்டாலும் வாட்டர் ப்ரூஃப்தான் சார்ன்றாங்க, ஷீட்ல ஐஎஸ் 710னு (இந்திய தர நம்பர்) சீல் இருந்தாதான் மெரைன், அதாவது தண்ணி தாங்குற ப்ளை, 303 இருந்தா அது வேற ரகம். 710 ஷீட்ட 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணில போட்டு டெஸ்ட் பண்ணனும்னு ரூல். 12 எம்எம், எட்டுக்கு நாலு ஒரு ஷீட்டு போதும்னாச்சு. வெட்டுன ஓரத்துக்கெல்லாம் தண்ணி ஏறாம எபாக்ஸி பூச்சு ரெண்டு கை. அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சுடலாமா பாய்னு கேட்டேன், "உள்ள போன தண்ணி வெளிய வர வேணாமா?"ன்னு மொறச்சாரு.

கொறைன்னா, அஞ்சு நாள்னு சொல்லி பன்னெண்டு நாள் இழுத்தாங்க, காயற நாள சேத்து சொல்லியிருக்கலாம்ல, ஃபோனும் எடுக்க மாட்டாங்க. மேட்டு கட்டிங் சுமார்தான், கதவு கிட்ட ஒரு விரல் கேப் தெரியுது. ப்ளை என் காசு, மத்ததெல்லாம் சேத்து பதினாலாயிரம் ஆச்சு, பில்லு ஒரு பழைய டைரி பேப்பர். ஆனா மேட்டு ஒட்டறதுக்கு முன்னாடி கூப்பிட்டு, ஏறி குதிச்சு பாரு தம்பின்னாரு. குதிச்சேன். அசையல. போன ரெண்டு மழைக்கும் மேட்ட தூக்கி கை வச்சு பாத்தேன், காஞ்சு கெடக்கு.

போறவங்க மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணரை வரைக்கும் போகாதீங்க, எல்லாரும் ஸ்கூல் வேன் சீட்ட போட்டு தூங்கிட்டு இருப்பாங்க.