டிவி கேம் கேசட்: சேலத்துப் பழைய சாமான் கடையா, ஆன்லைனா?

கடையில் விலை பேசலாம், கேசட்டைக் கையில் எடுத்தும் பார்க்கலாம். பின்னதுதான் பெரிய லாபம். ஏற்காட்டு ஈரத்தில் கிடந்ததென்றால் கேசட்டின் அடியில் பெட்டியைத் தொடும் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். பஞ்சுக்குச்சியில் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். ‘9999 இன் 1’ லேபிளை நம்பாதீர்கள், அதே சில கேம்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஆன்லைனில் தேடும் கேம் கிடைக்கும். ஆனால் நம்மூர் டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் 60 பின். அமெரிக்க நின்டெண்டோ கேசட் 72 பின், அடாப்டர் இல்லாமல் நுழையாது. கையடக்க கேம்பாய்க்குப் போக்கிமான் கோல்டு கேசட் வாங்கினால், உள்ளிருக்கும் சிஆர்2025 பேட்டரி தீர்ந்திருக்கலாம், விளையாடிய இடத்தைச் சேமிக்கும் சேவ் நிற்காது. மாற்ற, உலோகக் கால் வைத்த பேட்டரி வாங்கிச் சால்டர் செய்ய வேண்டும். கேசட்டின் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டின் படம் அனுப்ப மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.