விமான தூரக் கணிப்பான்கள்: நாலு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அலுவலகத்தில் மற்றவர்களின் பயண ஏற்பாடு எப்படியோ என் தலையில் விழுந்ததிலிருந்து, இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் இணையக் கணிப்பான்களை வாரத்துக்கு நாலு தடவையாவது திறக்கிறேன். நாலு வருடம் ஆச்சு. தூரத்தில் எனக்குப் புகாரே இல்லை. எதில் போட்டாலும் நியூயார்க் ஜேஎஃப்கே – லண்டன் ஹீத்ரோ சுமார் 5,540 கி.மீ. என்றுதான் வரும். உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் மிகக் குறுகிய வளைவை அளக்கிறார்கள், அதில் தப்ப ஒன்றும் இல்லை. பூமியை முழுக் கோளமாக எடுத்தார்களா, துருவங்களில் சற்றுத் தட்டையாக எடுத்தார்களா என்பதைப் பொறுத்து சில கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

நேரம்தான் வம்பு. பெரும்பாலும் மணிக்கு 800, 850 கி.மீ. என்று ஒரு வேகத்தை வைத்து வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். போகவும் வரவும் ஒரே நேரம்! இது தெரியாமல் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். குளிர்காலம், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த ஒருவர் "ரன்வேக்கு வந்தாச்சு" என்று செய்தி அனுப்பினார், நான் கணிப்பான் சொன்ன ஏழு மணி நேரத்தைக் கூட்டி வண்டிக்குச் சொல்லிவிட்டேன். விமானம் ஆறு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது, மனிதர் இரண்டு பெட்டியோடு வெளியே நின்று எனக்குப் போன் மேல் போன். மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று பின்னாலிருந்து தள்ளினால் அப்படித்தான். 2020 பிப்ரவரியில் இதே தடத்தை ஒரு போயிங் 747 ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகக் கடந்திருக்கிறது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், எட்டு மணி நேரத்தை ஒட்டிப் போய்விடும்.

இன்னொன்று, விமானம் அந்த வளைவிலேயே பறக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஹெல்சின்கி – டோக்கியோ இன்றும் கணிப்பானில் ஏறக்குறைய 7,800 கி.மீ.தான். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடியதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் சுற்றிப் போய் பதின்மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. கணிப்பானுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஊர்ப் பெயரை அடிப்பதையும் விட்டுவிட்டேன். லண்டன் என்று அடித்தால் சில கணிப்பான்கள் நகர மையத்திலிருந்து அளக்கும், ஒன்று கனடாவில் இருக்கும் லண்டனை எடுத்துக்கொண்டது (அந்த ஊருக்கும் விமான நிலையம் உண்டு!). விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு (ஹீத்ரோ என்றால் LHR) போட்டால் இந்தக் கூத்து இல்லை.

அப்புறம், விமான நிறுவனம் அச்சடிக்கும் நேரம் வேறு கணக்கு. பயணிகள் ஏறும் வாசலிலிருந்து (கேட்) விமானத்தைப் பின்னால் தள்ளியது முதல் அடுத்த ஊர் வாசலில் நிறுத்துவது வரை எல்லாம் அதில் சேரும், தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் வைத்திருப்பார்கள். டிக்கெட் நேரமும் கணிப்பான் நேரமும் ஒத்துப்போகவில்லை என்று குழம்ப வேண்டாம்.

இப்போது தூரத்துக்கு மட்டும் கணிப்பான். நேரத்துக்கு, விமான எண்ணைக் கண்காணிப்புத் தளத்தில் போட்டு, கடைசி ஒரு வாரம் உண்மையில் எத்தனை மணிக்கு இறங்கியது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டிக்குச் சொல்கிறேன்.