பால்சாவா, ஃபோமா? வேலூர் வெயிலுக்கு எந்த ரெடிமேட் ஆர்.சி. விமானம்?

ரிமோட்டில் பறக்கவிடும் ஆர்.சி. விமானங்களில், பெட்டியைத் திறந்ததும் கண்ணைப் பறிப்பது பால்சா என்ற லேசான மரத்தில் செய்த ஏ.ஆர்.எஃப். (கிட்டத்தட்ட முழுதாகக் கட்டியே வரும்) விமானம்தான். பக்கத்தில் இ.பி.ஓ. என்ற வளைந்து கொடுக்கும் ஃபோமில் செய்த விமானத்தை வைத்தால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் பால்சாவில் குறை, மேலே போர்த்திய பிளாஸ்டிக் ஃபிலிமுக்குள் ஒளிந்திருக்கும். ஃபோமில் பெரும்பாலும் வெளியிலேயே தெரிந்துவிடும்.

பால்சா துண்டுகளை லேசரில் துல்லியமாக வெட்டுகிறார்கள். பசையே இல்லாமல்கூட ஒன்றையொன்று கவ்வி நிற்கும். அதனால் பசை படாத மூட்டும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். இறக்கை உட்காரும் திறப்பு வழியாக டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். சந்தேகம் வந்த இடத்தில் தண்ணீர் பதத்தில் இருக்கும் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். மோட்டாரைத் தாங்கும் முன்பக்கப் பலகையான ஃபயர்வாலுக்கு அது பத்தாது. மெதுவாக இறுகும் எபாக்சி பசையும் மூலைகளில் முக்கோணக் கட்டையும் வேண்டும். சக்கரக் கம்பியைத் திருகும் ப்ளைவுட் பலகைக்கும் அதே வைத்தியம். பாலாற்று மணலில் சக்கரம் புதைந்தால் முதலில் பிய்த்துக்கொண்டு வருவது அந்தப் பலகைதான். அப்புறம் ஐலரான் (இறக்கையில் அசையும் பகுதி), எலிவேட்டர் (வாலில் அசையும் பகுதி) எல்லாவற்றையும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கீல் கழன்று கையோடு வந்தால் சந்தோஷப்படுங்கள், வானத்தில் வரவில்லையே!

கத்திரி வெயிலில் ஃபிலிம் தொய்ந்து சுருக்கம் விழும். ஓராகவர் மாதிரி பாலியெஸ்டர் ஃபிலிம் என்றால் இஸ்திரிப் பெட்டியை இதமான சூட்டில் ஓட்டினால் மறுபடி இறுகிவிடும். மலிவு மாடல்களில் ஸ்டிக்கர் போல ஒட்டியிருக்கும் ஷீட்டுக்கு இந்தக் கதை நடக்காது.

ஃபோமில் பார்க்க வேண்டியது குறைவு. இறக்கையைச் சமமான மேசையில் வைத்து முறுக்கல் இருக்கிறதா பாருங்கள். உள்ளே போகும் கார்பன் குழாய் நுனிப்பக்கம் வரை எட்டுகிறதா, பாதியிலேயே நிற்கிறதா என்பதும் முக்கியம். பல மாடல்களில் கீல் என்பது ஃபோமையே மெல்லிசாக அழுத்திய கோடுதான். மடங்கி மடங்கிக் கிழியும் முன்பே டேப் ஒட்டிவிடுவது நல்லது. உடைந்தால் சூப்பர் க்ளூவே போதும். சாதாரண தெர்மாகோலை அது கரைத்துவிடும், இ.பி.ஓ.வை ஒன்றும் செய்யாது. ஃபோமுக்கு உண்மையான எதிரி சூடு. மே மாதத்தில் காட்பாடியில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் மத்தியானம் விட்டுவிட்டால் இறக்கை வளைந்துபோகும்.

முதல் விமானத்துக்கு என் ஓட்டு ஃபோமுக்கே, அதுவும் மணலில் வயிற்றால் இறங்கும் சக்கரமில்லாத மாடலுக்கு. பசையோடு ஒரு சாயங்காலம் உட்காரப் பொறுமை இருந்தால் பால்சா வாங்கலாம். எதை வாங்கினாலும் அப்துல்லாபுரம் விமான நிலையப் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்காதீர்கள்.