பூங்காவில் இருக்கும் இலவச ஜிம்: எந்தக் கருவிக்கு நேரம் கொடுக்கலாம்?

தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் இப்போது ஒரு மூலையில் வண்ணம் பூசிய இரும்புக் கருவிகள் நிற்கின்றன. கட்டணம் கிடையாது, பெயர் பதிய வேண்டாம், மின்சாரமும் தேவையில்லை. நடக்க வருகிறவர்கள் போகிற போக்கில் ஏறி, நாலு ஆட்டு ஆட்டிவிட்டு இறங்கிப் போகிறார்கள். எதில் பலன் உண்டு, எதில் இல்லை, எதில் அடிபடும் என்று எந்தப் பலகையும் ஒழுங்காகச் சொல்வதில்லை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பத்துக் கருவி இருந்தால் நாலுதான் தேறும். அந்த நாலும் நன்றாகவே தேறும்.

கருவிகளுக்குப் போகும் முன், இந்த இடத்துக்கு நாங்கள் கொடுக்கும் பெரிய மதிப்பெண் அது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத்தான். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசை. வேலை செய்யும் தசை இன்சுலின் துணையில்லாமலேயே சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் கொஞ்ச காலம் இன்சுலின் அதனிடம் கூடுதலாகப் பலிக்கும். ஆனால் அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள்தான் தங்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வியர்க்க வியர்க்க உழைத்தாலும் வியாழக்கிழமை மதியச் சோற்றுக்கு அது உதவாது. சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடக் கூடாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இதற்கு வெளிநாட்டு ஆய்வைத் தேடிப் போக வேண்டியதில்லை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006-இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். உணவைச் சீராக்கி, தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடந்த பிரிவினருக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 28.2. அதாவது, சீரான உணவும் நடையும் சேர்ந்து மாத்திரைக்குச் சமமாக நின்றன. மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறவர்கள் நடையை மட்டும் ‘நேரம் கிடைத்தால் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவது எந்த வகையிலும் நியாயமில்லை. நாள் தவறாமல் செய்ய வேண்டிய வேலைக்கு, பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் இடம் அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் குளிர்சாதன ஜிம்மைவிட மேல்.

நடை மட்டும் போதுமா என்றால், போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதலில் இரண்டு பாதி உண்டு. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகப் பயிற்சி என்பது எல்லோருக்கும் தெரிந்த பாதி. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் உடம்பின் பெரிய தசைகளுக்கெல்லாம் பலப் பயிற்சி என்பது நம் ஊரில் அநேகமாக யாரும் கண்டுகொள்ளாத பாதி. நடுவயதிலிருந்தே தசை கரையத் தொடங்கிவிடுகிறது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியாமல் போவது அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. பூங்காக் கருவிகள் உதவ வேண்டியது இந்த இரண்டாம் பாதிக்குத்தான். அதை வைத்தே ஒவ்வொன்றையும் எடை போடுகிறோம்.

முதல் இடம் லெக் பிரஸ்ஸுக்கு. இருக்கையில் உட்கார்ந்து முன்னால் இருக்கும் தகட்டைக் கால்களால் தள்ளினால் இருக்கை பின்னோக்கி மேலே போகும். தூக்குவது உங்கள் உடம்பின் எடையில் ஒரு பகுதியை. உடம்பின் மிகப் பெரிய தசைகளான தொடையும் புட்டமும் இதில் வேலை செய்கின்றன. சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் இதைவிட நல்ல கருவி அந்த மூலையில் வேறில்லை. செய்கிறவர்களில் பாதிப் பேர் தகட்டை உதைத்துவிட்டு, இருக்கை தானாக விழட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பாதிப் பலன் அங்கேயே போய்விடும். தள்ளுவதற்கு ஒரு நொடி, திரும்புவதற்கு மூன்று நொடி. தள்ளி முடிக்கும்போது முழங்காலைக் கடைசிவரை நிமிர்த்திப் பூட்டக் கூடாது, எடை தசையிலிருந்து மூட்டுக்கு மாறிவிடும். விரலால் அல்ல, குதிகாலால் தள்ள வேண்டும். 12 முதல் 15 முறை, ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று.

இந்தக் கருவிகளின் பெரிய குறை எடையைக் கூட்ட முடியாது என்பது. லெக் பிரஸ்ஸில் அதற்கு வழி இருக்கிறது. மூன்று சுற்றும் எளிதாகிவிட்டால் ஒரு காலால் தள்ளுங்கள், சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு கால் தாங்காது, இரண்டு கால் சுலபம் என்ற நிலையில் இருப்பவர்கள் இரண்டு காலால் தள்ளி, ஒரு காலால் மெதுவாகத் திரும்பலாம். எந்தச் சுற்றிலும் கடைசி இரண்டு மூன்று முறை திணற வேண்டும். திணறாமல் முடிகிற சுற்று தசையைக் கூட்டாது.

மார்புக்கு முன்னால் இருக்கும் கைப்பிடியைத் தள்ளும் செஸ்ட் பிரஸ்ஸும், மேலிருந்து கைப்பிடியை இழுக்கும் புல் டவுனும் அடுத்து வருகின்றன. பெரும்பாலும் ஒரே தூணின் இரு பக்கமும் இருக்கும். இரண்டிலும் கையின் வேலையால் இருக்கை உங்களோடு சேர்ந்து உயரும். இங்கே நடக்கும் பிழை வெளியே தெரியாது: கால் தரையில் ஊன்றியிருந்தால், கை செய்ய வேண்டிய வேலையைக் கால் பாதி செய்துவிடும். காலைத் தரையிலிருந்து எடுத்துவிடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள், ஒல்லியான கை உள்ளவர்கள் முதல் சில வாரம் ஒரு காலை மட்டும் லேசாக ஊன்றிக்கொண்டு தொடங்கலாம், தவறில்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இழுப்பதையே தேர்ந்தெடுங்கள். நாள் முழுக்கக் கணினிக்கும் கைபேசிக்கும் முன்னால் குனிந்து கிடக்கும் தோளுக்கு முதுகுத் தசை பலப்படுவதுதான் அவசரத் தேவை. இழுக்கும்போது தோளைக் காதுவரை தூக்காமல் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வெறும் கம்பி. தொங்கும் கம்பியும் இணைக் கம்பியும் பல இடங்களில் குழந்தைகள் விளையாடும் பொருளாகவே இருக்கின்றன. இடுப்பளவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சாய்த்துச் செய்யும் தண்டால், தரையில் செய்ய முடியாத அறுபது வயதுக்காரருக்கும் முடியும். அதே கம்பிக்குக் கீழே சாய்ந்து நின்று மார்பைக் கம்பி நோக்கி இழுத்தால் முதுகுக்கு வேலை. கால்களை முன்னே தள்ளத் தள்ள கடினம் கூடும், அதனால் இதில் சுமை போதவில்லை என்ற பேச்சே எழாது. உயரக் கம்பியில் தொங்குகிறவர்கள் குதித்துப் பிடிக்க வேண்டாம். மழை ஈரமோ வியர்வையோ இருந்தால் பிடி வழுக்கும்.

தோளுக்கான பெரிய சக்கரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது பலம் தராது, ஆனால் இறுகிப்போன தோளை அசைய வைக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் தொல்லை மற்றவர்களைவிட அதிகம் என்பதால் அவர்களுக்கு இது பயன்படும். வலி சுள்ளென்று தைக்கும் இடத்துக்கு ஒரு அங்குலம் முன்பே நிறுத்தித் திரும்ப வேண்டும்.

இனி விட்டுவிட வேண்டியவை. கூட்டம் அதிகம் நிற்பது ஏர் வாக்கரிலும் இடுப்பைச் சுழற்றும் தட்டிலும்தான், வருத்தம் அங்கேதான். ஏர் வாக்கரில் கால் வைக்கும் தகடுகள் மேலே பேரிங்கில் தொங்குகின்றன. ஒருமுறை ஆடத் தொடங்கினால் வேகமே கொண்டுபோய்விடும், தசைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். உடம்பைச் சூடாக்க இரண்டு மூன்று நிமிடம் சரி. காலை அகல வீசினால் அடிமுதுகு வளைந்து வலிக்கும், தொடை இடுக்கு இழுத்துக்கொள்ளும். ஆடிக்கொண்டிருக்கும்போதே இறங்க முயல்வதுதான் இதில் விழக் காரணம். தகடு முழுதாக நின்ற பிறகு ஒரு காலைத் தரையில் வைத்து, பிறகு மற்றதை எடுங்கள்.

சுழலும் தட்டு தொப்பையைக் குறைக்காது. ஒரு இடத்துத் தசையை அசைப்பதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரைவதில்லை, உடம்பு அப்படி இயங்குவதில்லை. நம் அடிமுதுகு எலும்புகள் முன்னும் பின்னும் வளையும் அளவுக்குப் பக்கவாட்டில் திருகுவதற்கு ஏற்றவை அல்ல. வேகமாகத் திருகுவது, முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டில் (டிஸ்க்) தேய்வோ பிதுக்கமோ உள்ளவர்களுக்கு நேரடியான ஆபத்து. இதை ஒதுக்கிவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. பக்கவாட்டில் ஆடும் ஊஞ்சல் தகடும் அப்படித்தான்.

கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதை இருக்கும் பூங்காக்களும் உண்டு. எட்டு போட்டு நடப்பதும் நடைதான், ஆனால் வளைவில் வேகம் குறைந்துவிடும். மூச்சு வாங்க நடக்க நேர்ப்பாதையே மேல். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு கூழாங்கல்லில் நடக்கவே கூடாது. கீறல் விழுந்தது தெரியாமலே புண்ணாகி, அதன் முடிவு எங்கே போகும் என்பதை எந்தச் சர்க்கரை மருத்துவமனையின் காத்திருப்பு அறையும் சொல்லும்.

40 நிமிடம் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். முதலில் 10 நிமிட நடை. பிறகு லெக் பிரஸ், புல் டவுன், செஸ்ட் பிரஸ் ஒவ்வொன்றும் மூன்று சுற்று. இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிச் செய்தால் ஓய்வு நேரம் வீணாகாது, 20 நிமிடத்தில் முடியும். கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் 30 நொடி, இரு பக்கமும். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியும் வயதை நெருங்குகிறவர்களுக்கு இது கட்டாயம். மிச்ச நேரத்துக்கு வேக நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கருவி, மற்ற நாள்களில் நடை மட்டும். தள்ளும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டாம். சர்க்கரை அளவு 90-க்குக் கீழே இருந்தால் முதலில் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டு, சற்றுப் பொறுத்துத் தொடங்குங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நெஞ்சை அழுத்துவது போலிருந்தாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. முந்தானையும் துப்பட்டாவும் கருவியின் இணைப்பில் சிக்கும், இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு உட்காருங்கள். ஆண்கள் கூட்டமாக நிற்கும் மூலையில் கருவிகளை வைத்திருப்பதால் எத்தனையோ பெண்கள் பக்கத்திலேயே போவதில்லை. இருட்டியபின் விளக்கு எரியாத பூங்காக்களில் இது இன்னும் மோசம். இந்தச் சேவைக்கு நாங்கள் மதிப்பெண் குறைப்பது முதலில் இதற்காகவே. சர்க்கரையும் முழங்கால் வலியும் பெண்களை விட்டுவைப்பதில்லை, கருவி மட்டும் அவர்களுக்கு எட்டாமல் இருக்கிறது.

அடுத்த குறை பராமரிப்பு. பேரிங்கில் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும், ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும், அந்த ஏற்றத்தாழ்வை முதுகு வாங்கிக்கொள்ளும். ஆட்டத்தின் எல்லையில் இருக்கும் ரப்பர் கட்டை தேய்ந்துபோனால் இரும்பும் இரும்பும் மோதி மூட்டுக்கு அதிர்ச்சி ஏறும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அடித்தூணின் பற்றவைப்பைத்தான் முதலில் அரிக்கும். மேலே புது வண்ணம் மின்னினாலும் அடியில் துரு உதிர்ந்துகொண்டிருக்கும். ஏறும் முன் கைப்பிடியைப் பிடித்துத் தூணை ஒருமுறை பலமாக உலுக்கிப் பாருங்கள். அடி போல்ட் நகர்ந்தால் ஏறாதீர்கள். கால் வைக்கும் தகட்டில் ரப்பர் இல்லையென்றால் மழைநாளில் அதைத் தொடாதீர்கள். யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கும் கருவிக்குப் பக்கத்தில் குழந்தைகளை நிற்க விடாதீர்கள். தண்டுகள் ஒன்றையொன்று கடக்கும் இடைவெளியில் விரல் போனால் நசுங்கிவிடும்.

பழுதைச் சொல்லாமல் ஒதுங்கிப் போனால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதியலாம். மற்ற ஊர்களில் வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ‘ஜிம் ரிப்பேர்’ என்று மட்டும் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். பூங்காவின் பெயர், தெரு, எந்தக் கருவி, என்ன பழுது என்று சொல்லுங்கள்: லெக் பிரஸ், வலது இருக்கை, எல்லை ரப்பர் இல்லை. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மறுமுறை அழைக்கும்போது அதுதான் கேட்பார்கள்.