பெயர்க் கட்டத்தில் ‘கன்னி’: மணியின் தடுப்பூசிப் பதிவோடு சில ஆண்டுகள்

எங்கள் நாயின் பெயர் மணி. இனம் கன்னி, தமிழ்நாட்டின் நாட்டு நாய் இனங்களில் ஒன்று. கருப்பு உடம்பு, புருவத்துக்கு மேலும் கால்களிலும் பழுப்பு. குட்டியாக இருந்தபோது முதல் ரேபிஸ் ஊசிக்குப் போன கிளினிக்கில், கவுன்டரில் “என்ன நாய்?” என்று கேட்டார்கள். “கன்னி” என்றேன். கணினியின் இனப் பட்டியலில் லேப், பக், ராஜபாளையம் எல்லாம் இருந்தன, கன்னி இல்லை. அதனால் இனம் ‘மற்றவை’ ஆனது, ‘கன்னி’ பெயர்க் கட்டத்தில் ஏறிவிட்டது. 2005-ல் ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலையே வந்தது. கன்னிக்கு ஒரு பட்டியலில்கூட இடமில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தடுப்பூசிப் புத்தகத்தால் தொல்லை இல்லை. ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை ஒட்டி, தேதி போட்டு டாக்டர் கையெழுத்திடுவார். பிரச்சினை எல்லாம் கணினியில்தான். அங்கே பெயரை வைத்துத் தேடுவார்கள். ‘கன்னி’ என்று அடித்தால் இன்னும் சில கன்னிகளும் வரிசையாக வந்து நிற்கும். ஒருமுறை ஆண்டு பூஸ்டருக்குப் போனால், “உங்க நாய்க்குப் போன மாசமே போட்டாச்சே” என்றார்கள். போட்டது வேறொருவர் வீட்டு நாய்க்கு. புத்தகத்தில் அந்தத் தேதிக்கு ஸ்டிக்கர் இல்லை என்று காட்டிய பிறகுதான் ஊசி போட்டார்கள். ரேபிஸ் விஷயத்தில் இது சின்னத் தவறே இல்லை. நாய் யாரையாவது கடித்துவிட்டால் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். சென்னை மாநகராட்சியில் நாய் உரிமம் எடுக்கவும் ஊசிச் சான்று வேண்டும்.

அப்புறம் மைக்ரோசிப் போட்டோம். அரிசி மணி அளவுதான் இருக்கும், தோலுக்கடியில் வைப்பார்கள். ஸ்கேனரைக் கழுத்தருகே கொண்டுபோனால் 15 இலக்க எண் வரும். இப்போது அந்த எண்ணையும் என் கைப்பேசி எண்ணையும் வைத்துத்தான் தேடச் சொல்கிறேன். அதிலிருந்து குழப்பம் இல்லை.

நாட்டு நாய் வளர்ப்பவர்கள் பதிவு செய்யும்போதே திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். “பேர் மணி, இனம் கன்னி” என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மணியின் பெயரைத் திருத்திவிட்டார்கள். இனம் மட்டும் இன்னும் ‘மற்றவை’தான். பட்டியலில் கன்னியைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.