வார இறுதி பிரஞ்ச்: பஃபேயா, மெனுவா, பகிர்ந்துண்ணும் மேசையா?

காலை உணவைச் சற்றுத் தள்ளிப்போட்டு, மதிய உணவைச் சற்று முன்னுக்கு இழுத்து, இரண்டையும் பிரஞ்ச் (brunch) என்ற ஒரே வேளையாக உணவகத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று வார இறுதியில் கிளம்புகிறவருக்கு, எந்த நகரமானாலும், பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு வேண்டியதை எடுத்துச் சாப்பிடவிடும் பஃபே ஒன்று. மெனுவைப் பார்த்து ஆளுக்கொரு தட்டு சொல்லிச் சாப்பிடும் சிறிய உணவகம் இன்னொன்று. சின்னச் சின்னத் தட்டுகளை மேசை நடுவில் பரப்பி எல்லோரும் பகிர்ந்துண்ணும் முறை மூன்றாவது. விலையையும் வகைகளின் எண்ணிக்கையையும் வைத்து இவற்றை ஒப்பிடுவோர் பலர். நான் முதலில் பார்ப்பது, வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேசையில் அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டே எவ்வளவு நேரம் சாப்பிட முடிகிறது என்பதைத்தான். சமையல் எப்படியிருக்கிறது என்பது அதற்கு அடுத்தபடியாக வருகிறது. அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் முட்டையே பதில் சொல்லிவிடுகிறது.

பேச்சை அளவுகோலாகக் கொள்வது என் சொந்த விருப்பம் மட்டுமன்று. 1895இல் இங்கிலாந்தின் ஹன்டர்ஸ் வீக்லி இதழில் கை பெரிங்கர் என்பவர் இந்தப் புதிய வேளைக்காக வாதாடி எழுதினார். பிரஞ்ச் என்ற சொல்லைப் பரப்பியவர் என்று இன்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் சென்று வந்ததும் உண்ணும் கனமான விருந்துக்குப் பதிலாக, நண்பகலையொட்டித் தேநீர் அல்லது காபியுடன் தொடங்கி, காலை உணவுப் பண்டங்களைச் சாப்பிட்டு, பின்னர் மெல்லக் கனமானவற்றுக்குச் செல்லலாம் என்பது அவருடைய யோசனை. சனிக்கிழமை இரவு வெகுநேரம் விழித்திருந்தவர்கள் மறுநாள் அவசரமாக எழ வேண்டியதில்லை என்பதை ஒரு காரணமாகச் சொன்ன அவர், இந்த வேளை மனிதர்களைக் கலகலப்பாக்கி அவர்களைப் பேச வைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். என்னைக் கேட்டால், அந்த இரண்டாவது காரணம்தான் இன்றுவரை இந்த வழக்கத்தைக் காப்பாற்றி வருகிறது.

பஃபேயின் பலங்கள் வெளிப்படையானவை. பசியோடு வந்த குழந்தை உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் சாப்பிடத் தொடங்கிவிடும். பத்தியம் இருப்பவர், காரம் ஆகாதவர், இனிப்பைத் தவிர்ப்பவர் என ஒவ்வொருவரும் தமக்கு ஒத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தே எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் விருந்தளிப்பவரும் நிம்மதியாக இருப்பார், விருந்தினரும் மெனுவின் வலது பக்க எண்களைப் பார்த்துத் தயங்க மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பம், அதில் மூன்று தலைமுறை என்றால், மற்ற இரண்டு வழிகளும் பஃபேயின் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனால் என் அளவுகோலில் பஃபே தோற்கிறது. சென்ற ஆண்டு நாங்கள் ஆறு பேர் ஒரு பெரிய உணவகத்தின் ஞாயிறு பஃபேக்குப் போயிருந்தோம். ஒருவர் பழங்கள் எடுக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது இன்னொருவர் ஆம்லெட் கவுண்டர் வரிசையில் நின்றிருந்தார். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு எடுத்துக் கொடுக்கப் போனவர் தன் தட்டு ஆறிப்போவதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உணவுதான், குறையொன்றும் சொல்வதற்கில்லை. இருந்தும் ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்தது பில் வந்த பிறகுதான். ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா சொல்லத் தொடங்கிய ஒரு பழைய கதை, ஒவ்வொருவர் எழுந்து போகும்போதும் நிறுத்தப்பட்டு, கடைசியில் முடிக்கப்படாமலே போயிற்று.

சமையலிலும் பஃபேக்கு ஓர் இயற்கையான சிக்கல் உண்டு. சமைத்த உணவைப் பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், குளிர்ந்த உணவை 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும், சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நல்ல உணவகம் இதைக் கடைப்பிடிக்கத்தான் செய்யும். முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 62 டிகிரியிலும் மஞ்சள்கரு சுமார் 65 டிகிரியிலும் கெட்டியாகத் தொடங்கிவிடும் என்பதால், உணவைப் பாதுகாக்கும் அந்தச் சூடே கிளறிய முட்டையை விடாமல் வேகவைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பாருங்கள்: உள்பக்கம் கோத்திருந்த நீர்த்துளிகள் சரிந்து முட்டையின் மேலேயே சொட்டும், ஓரத்தில் மங்கலான தண்ணீர் பிரிந்து நிற்கும், கரண்டியால் அள்ளினால் முட்டை குழைந்து வராமல் பொடிப்பொடியாக உதிரும். சமையல்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை, நேரம் செய்கிற வேலை அது. பேன்கேக், டோஸ்ட், பொரித்த பண்டங்கள் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். மூடியின் ஆவியில் அவை தொய்ந்துவிடுகின்றன. சாறோடு மெதுவாக வேகவைத்தவையும், ஓவனில் மொத்தமாகச் சுட்டவையும் இந்தச் சூட்டில் நன்றாகவே தாங்கும், சிலவேளை இன்னும் ருசி கூடும். ஆகவே பஃபேக்குச் செல்பவர் அத்தகைய பண்டங்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு, முட்டையை மட்டும் கண்ணெதிரே செய்து தரும் கவுண்டரில் வாங்குவது நல்லது. பெரிய பாத்திரத்தில் ஒரேயடியாகக் கொட்டி வைக்காமல், சிறிய பாத்திரங்களில் வைத்து அடிக்கடி மாற்றுகிற இடம் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

மெனுவைப் பார்த்துச் சொல்லும் சிறிய உணவகத்தில் நிலைமை தலைகீழ். யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. காபி வந்ததிலிருந்து தட்டு வரும் வரையுள்ள காத்திருப்பே பேச்சுக்கான நேரமாகிவிடுகிறது. உணவு சமைத்த கையோடு வருகிறது. பிரஞ்ச் மெனுக்களில் அடிக்கடி காணப்படும் எக்ஸ் பெனடிக்ட்டையே எடுத்துக்கொள்வோம். பிறப்பிடம் நியூயார்க் என்பது பொதுவான கருத்து. அங்கே யார் முதலில் செய்தார்கள் என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமைக் கோரல்கள் உண்டு. இரண்டாகப் பிளந்து வாட்டிய வட்ட ரொட்டி, அதன் மேல் பன்றி இறைச்சித் துண்டு, அதன் மேல் ஓட்டை உடைத்துக் கொதி அடங்கிய வெந்நீரில் மெல்ல விட்டு வேகவைத்த முட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக ஹாலண்டேஸ் சாஸ். கத்தி நுனியால் முட்டையைத் தொட்டதும் வெள்ளைக்கரு ஒரு கணம் தயங்கி, பின்னர் விலகி, மஞ்சள்கரு தடித்த தேன் போல இறங்கி ரொட்டியின் துளைகளுக்குள் ஊற வேண்டும். தண்ணீராக ஓடினால் வேக்காடு போதவில்லை; வெட்டிய பக்கம் சுண்ணாம்புக்கட்டி போல வெளிறியிருந்தால் நேரம் தாண்டிவிட்டது. அந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் சிறிது நேரம்தான்.

ஹாலண்டேஸ் இன்னும் கறாரானது. மஞ்சள்கரு, உருக்கிய வெண்ணெய், எலுமிச்சைச் சாறு ஆகியவை ஒன்றோடொன்று இணங்கி நிற்கும் கலவை அது. சூடு கூடினால் கரு திரிந்துவிடும், ஆறினால் வெண்ணெய் இறுகிப் பிரிந்துவிடும். இளஞ்சூட்டில் வைத்துக் காக்க வேண்டிய இப்படியொரு சாஸைப் பஃபே பாத்திரத்தில் மணிக்கணக்கில் நல்ல நிலையில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே முட்டைக்காகவே பிரஞ்ச் போகிறவர் யோசிக்காமல் மெனு உணவகத்துக்குப் போகலாம். முட்டையைப் பாதி வேக்காட்டில் உண்பது சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஏற்றதன்று. சால்மனெல்லா கிருமி அவர்களைக் கடுமையாகத் தாக்கக்கூடும். அவர்களுடைய தட்டுக்கு முழுதாக வேகவைத்துத் தரும்படி ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த வழியின் குறை, கூட்ட நேரத்தில் வெளிப்படும். ஒரு சிறிய சமையலறையில் முட்டைக்கென்று பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் நிற்பார்கள். வந்திருக்கும் மேசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டையே கேட்கும். அடுப்பில் எத்தனை வாணலி வைக்க இடமுண்டோ அத்தனை தட்டுகள்தான் ஒரு சுற்றில் வெளிவரும். நெரிசலைச் சமாளிக்கப் பல சமையலறைகள் முட்டைகளை முன்கூட்டியே பாதி வேகவைத்து, ஐஸ் தண்ணீரில் போட்டு வைத்து, கேட்கும்போது வெந்நீரில் காட்டி எடுத்துத் தருகின்றன. கவனமாகச் செய்தால் வித்தியாசமே தெரியாத, முறையான உத்திதான் இது. அவசரத்தில் செய்தால் நடுவில் குளிர்ச்சி தங்கிவிடும். நான் நண்பர்களோடு சென்ற ஓரிடத்தில் மூன்று தட்டுகள் வந்து, நான்காவது வரக் கால் மணி நேரம் ஆயிற்று. மூவர் தங்கள் தட்டுகள் ஆறுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க, நான்காமவர் "நீங்க சாப்பிடுங்க, நீங்க சாப்பிடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து பேருக்கு மேல் போனால் இந்தத் தொல்லை கூடிக்கொண்டே போகும். எனவே இரண்டு முதல் நான்கு பேர் வரைதான் இந்த வழி முழு இன்பம் தரும்.

மூன்றாவது வழியான பகிர்ந்துண்ணும் மேசைக்குப் பிரஞ்ச் என்ற சொல்லின் தயவு தேவையில்லை. ஹாங்காங்கிலும் குவாங்சோவிலும் முற்பகலில் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் டிம் சம், அந்தச் சொல்லைவிட மிகப் பழமையானது. அந்த வேளைக்கு யம் சா, அதாவது தேநீர் அருந்துதல், என்று பெயர். மூங்கில் கூடைகளில் மூன்றும் நான்குமாக ஆவியில் வெந்த சிறு பண்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. யாராவது உங்கள் கோப்பையை நிரப்பினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டி நன்றி சொல்லிவிடலாம், பேச்சு அறுபடாது. கெண்டியில் தேநீர் தீர்ந்தால் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், பரிமாறுபவர் புரிந்துகொள்வார். துருக்கியரின் வார இறுதிக் காலை உணவும் இதே இனத்தைச் சேர்ந்தது. அதன் பெயரான கஹ்வல்டி என்ற சொல்லுக்குக் காபிக்கு முந்தையது என்று பொருள். பாலாடைக்கட்டி, ஆலிவ், தக்காளி, வெள்ளரி, தேன், முட்டை, ரொட்டி எனச் சிறு தட்டுகள் மேசை தெரியாமல் பரவியிருக்க, சிறிய கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வந்துகொண்டே இருக்கும்.

பேச்சுக்கு இதைவிட உகந்த அமைப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. இதில் யாருடைய தட்டும் தாமதமாவதில்லை, ஏனென்றால் யாருக்கும் தனித் தட்டு இல்லை. ஒருவர் ருசித்ததை அடுத்தவருக்குத் தள்ளுகிறார், "இதைக் கொஞ்சம் பார்" என்கிறார், அதிலிருந்தே ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. அதிகம் அறிமுகமில்லாத இருவரை ஒரே மேசையில் அமர்த்த வேண்டியிருந்தால் நான் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் இதற்கு நான்கு முதல் எட்டுப் பேர் வேண்டும். இருவர் மட்டும் போனால் இரண்டு மூன்று வகையிலேயே வயிறு நிரம்பிவிடும், மீதி வீணாகும். கடலை, எள், இறால் போன்றவற்றால் ஒவ்வாமை உள்ளவருக்கு இந்த மேசை ஆபத்தானது, ஏனென்றால் கரண்டிகள் ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அவருக்கு மெனு உணவகமே பாதுகாப்பு. நடுவில் வரும் பண்டங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், எவ்வளவு ஆயிற்று என்பதும் கடைசி வரை தெரியாது.

செலவைப் பொறுத்தவரை நீண்ட அலசல் தேவையில்லை. நிறையச் சாப்பிடுபவருக்குப் பஃபே லாபம். குறைவாகச் சாப்பிடும் முதியவரும் சிறு குழந்தையும் இருந்தால், குழந்தைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று விசாரித்த பின்னரே கணக்குப் போட வேண்டும். அளவில்லாமல் மது தருவதாகச் சொல்லும் பிரஞ்ச்களில் பெரும்பாலும் நேர வரம்பு இருக்கும். கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்கும் மேசையில் பேச்சு ஓடாது என்பதால் அவற்றை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும், போகும் நேரம் பாதி முடிவைச் செய்துவிடுகிறது. 1896இல் பஞ்ச் என்ற ஆங்கில நகைச்சுவை இதழ் ஒரு வேடிக்கையான பாகுபாட்டைப் பதிவு செய்திருந்தது: காலை உணவு நேரத்தை ஒட்டி வந்தால் அது பிரஞ்ச், மதிய உணவு நேரத்தை ஒட்டி வந்தால் பிளஞ்ச். இரண்டாவது சொல் நிலைக்கவில்லை என்றாலும் அந்த வேறுபாடு இன்றும் உண்மை. மெனு உணவகத்துக்குக் கதவு திறந்த அரை மணிக்குள் போய்விடுங்கள். முட்டை அடுப்புக்கு முன்னால் உங்கள் ஆர்டர் சீட்டு மட்டும்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பஃபேக்கும் தொடக்க நேரமே சிறந்தது, முடிவதற்கு முந்தைய அரை மணி நேரம் மிக மோசமானது. பகிர்ந்துண்ணும் மேசைக்கு மாத்திரம் கொஞ்சம் தாமதமாகப் போகலாம். சமையலறை சூடு பிடித்திருக்கும், கூடைகள் அடுத்தடுத்து வரும். ஞாயிறைவிடச் சனிக்கிழமை பல இடங்களில் கூட்டம் குறைவு. மேசையை முன்பதிவு செய்யும்போது, எத்தனை மணிக்குக் கடைசி ஆர்டர் என்பதோடு, மேசையை எத்தனை மணிக்கு விட்டுத்தர வேண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம்தான் என்று சொன்னால், கதை சொல்லும் சித்தப்பா உங்களோடு வருவதாக இருந்தால், வேறு இடம் பாருங்கள்.